ஊர்பேர் தெரியாத ஒரு சொல்

போலிஷ் மொழியில் பெண்ணுக்கு இன்று வழங்கும் பொதுச்சொல் 'கொபியெத்தா'. பாடநூலிலும் மருத்துவமனைப் படிவத்திலும் நாடாளுமன்ற உரையிலும் துணிக்கடைப் பலகையிலும் இதே சொல்தான். கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவள் வசையாகவே எடுத்துக்கொண்டிருப்பாள். அந்த வசை எங்கே பிறந்தது என்று கேட்டால் போலிஷ் சொற்பிறப்பு ஆய்வாளர்களிடம் ஒரே விடை கிடைப்பதில்லை. பன்றித் தொழுவத்தில் என்கிறார் ஒருவர். ஜெர்மானியர் வீட்டுப் படுக்கையறையில் என்கிறார் இன்னொருவர். பறவைக் குறி பார்த்த பழைய ஸ்லாவிய வழக்கத்தில், ஒரு பெண்ணின் பெயரில், லத்தீனில், வடகிழக்கே பேசப்படும் ஃபின்னிய இனமொழிகளில் என்று ஊகங்கள் நீண்டுகொண்டே போகின்றன.

மூலம் தெரியாத சொற்கள் எந்த மொழியிலும் உண்டு. பெரும்பாலும் அவை மொழியின் ஓரத்தில் கிடப்பவை: ஏதோ ஒரு செடியின் பெயர், மீனின் பெயர், கைவிடப்பட்ட ஒரு கருவியின் பெயர். நீர், கண், தாய் போன்ற சொற்களுக்குப் போலிஷில் நெடிய வம்சாவளி இருக்கிறது. 'வோதா' என்னும் அவர்களுடைய நீர் ஆங்கிலத்தின் 'வாட்டர்' என்பதோடு ஒரே வேரில் நிற்கிறது. மக்கள்தொகையில் பாதியைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் பூர்வீகம் இல்லை. இந்த இன்மை தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொபியெத்தாவுக்கு முன்பு போலிஷ்காரர்களிடம் பெண்ணைச் சொல்லச் சொல் இல்லாமல் இல்லை. மூத்தது 'ஜோனா'. இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் மிகப் பழைய சொத்து அது. கிரேக்கத்தின் 'கினே' (கைனகாலஜி என்று நாம் மருத்துவமனைப் பலகையில் வாசிப்பதன் தலைப்பகுதி), ஆங்கிலத்தின் 'குவீன்', வேத வடமொழியின் 'ஜனி' எல்லாம் அதன் உடன்பிறப்புகள். ஜனனம் என்பதில் இருக்கும் பிறத்தல் வேர் வேறு. ஓசை ஒன்றுபோல இருப்பதால் மயங்கக்கூடாது. பழைய போலிஷில் ஜோனா என்றால் பெண், மனைவி இரண்டும்தான். செக் மொழியில் அதன் இணைச்சொல் இன்றும் இரண்டையும் சுமக்கிறது. போலிஷில் அது மெல்ல ஒடுங்கி மனைவி என்ற ஒற்றைப் பொருளில் நின்றுவிட்டது. கணவன் இல்லாமல் இனி ஜோனா இல்லை.

அடுத்தது 'நியெவியாஸ்தா'. இதன் ஸ்லாவிய மூலம் மணப்பெண்ணைக் குறித்தது. ரஷ்யனிலும் செக்கிலும் இன்றும் மணப்பெண்தான். போலிஷில் அது மருமகளாகி, இளம் மனைவியாகி, பிறகு பொதுவாகப் பெண்ணாகியது. இதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிறப்புக் கதைகள் உண்டு. 'அறியப்படாதவள்' என்பது ஒரு விளக்கம்: முன்னொட்டு எதிர்மறை, பின்னால் வருவது அறிதல் என்ற வேர். புதிதாக வீட்டுக்குள் வருகிறவளைப் பெயர் சொல்லாமல், இன்னாரென்று தெரியாதவள் என்றே வைத்திருந்தால் வீட்டுத் தெய்வங்களின் கோபமோ தீய சக்திகளின் கண்ணோ படாது என்ற அச்சம் அதன் பின்னால் இருக்கலாம் என்பார்கள். 'புதிதாக அழைத்துவரப்பட்டவள்' என்பது இன்னொரு விளக்கம். எதை எடுத்தாலும் அவள் வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே இருப்பவர்கள் வாசலைப் பார்த்துச் சொன்ன சொல் இது.

மூன்றாவது 'பியாவோக்வோவா'. வெண்தலையாள் என்று நேராகப் பொருள். நரை அன்று, துணி. மணமான பெண் தலையை வெள்ளைத் துணியால் மூடவேண்டும். திருமண இரவில் மணமகளின் பூமாலையைக் கழற்றி, தலையில் குல்லாய் அணிவிக்கும் 'ஒச்செபினி' சடங்கு போலந்துக் கல்யாணங்களில் இன்றும் உருமாறி நடக்கிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் பெண் என்று மரியாதையாக எழுதவேண்டிய இடமெல்லாம் வெண்தலையாள்தான் வருகிறாள். இன்று அந்தச் சொல் பழங்காலக் கதைக்கும் வேடிக்கைப் பேச்சுக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது.

இவை தவிர, பிரபுக் குலத்துக்குப் 'பானி', வயதானவளுக்கும் குடியானவப் பெண்ணுக்கும் 'பாபா', மணமாகாதவளுக்கு 'ஜெஃப்கா'. ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு இருக்கிறது. கணவனோடு, கல்யாணத்தோடு, தலைத்துணியோடு, அந்தஸ்தோடு, வயதோடு அவளைக் கட்டிய கயிறு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுகிற வெறும் பெண்ணுக்கு எழுத்து மொழியில் சொல் இல்லாமல் இருந்தது. யாகுப் வுயெக் என்ற இயேசு சபைத் துறவி 1599இல் வெளிவந்த தன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆதியாகமத்துக்கு வந்தபோது இந்தச் சிக்கலில் நேராகவே போய் முட்டினார். எபிரேயத்தில் ஆணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெண்ணைக் குறிக்கும் சொல் கிளைப்பதாகக் கதை சொல்கிறது. அதற்கு ஈடாக அவர் ஆண் என்று பொருள்படும் 'மொன்ஷ்' என்பதிலிருந்து 'மென்ஷினா' என்று புதிதாக ஒன்றைக் கட்டினார். அது ஏவாளைத் தாண்டி வெளியே வரவில்லை. யாரும் தன் மகளையோ அண்டை வீட்டுக்காரியையோ மென்ஷினா என்று சொல்லவில்லை.

கொபியெத்தா இந்த நேரத்தில் எங்கோ இருந்திருக்கிறது. நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். போலந்தில் நெடுங்காலம் எழுத்து என்றால் லத்தீன். மக்கள் பேசிய மொழி தாளுக்கு வந்தது தற்செயலாக. எழுத்தில் கிடைக்கும் முதல் போலிஷ் வாக்கியம் என்று கொண்டாடப்படுவது சிலேசியாவிலுள்ள ஹென்ரிகூஃப் மடத்தின் சிஸ்டெர்சியத் துறவிகள் 1270ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் எழுதிய நிலவரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு குடியானவனின் மனைவி திரிகைக் கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் இரக்கப்பட்டு, நான் அரைக்கிறேன், நீ கொஞ்சம் இளைப்பாறு என்ற கருத்தில் ஒன்று சொல்கிறான். அந்த ஊருக்குப் பெயர் வந்த கதையைச் சொல்வதற்காகவே துறவி அந்தப் பேச்சை அப்படியே பதிந்துவைத்தார். அந்தப் புத்தகம் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஒரு மொழியின் எழுத்து வரலாறு வேலை செய்து களைத்த ஒரு பெண்ணிடம் பேசிய பேச்சோடு தொடங்குவது பெரிய பேறு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் அவள் வெறும் 'நீ'. அவளை அவன் எந்தச் சொல்லால் அழைத்தான் என்பது அதில் இல்லை.

இன்னொரு சான்று. 1890இல் ஸ்லாவிய மொழியறிஞர் அலெக்சாந்தர் ப்ருக்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் ஒரு லத்தீன் கையெழுத்துச் சுவடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதன் கட்டமைப்புக்குள் வலுவுக்காகத் தோல்பட்டைகள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றில் எழுத்து இருந்தது, போலிஷ் எழுத்து. பதினான்காம் நூற்றாண்டுப் பிரசங்கங்கள். போலிஷ் உரைநடையின் மிகப் பழைய சான்றான 'திருச்சிலுவைப் பிரசங்கங்கள்' இப்படித்தான், யாரோ ஒரு பழைய கட்டுநர் வேண்டாத தோல் என்று நறுக்கிய துண்டுகளாகப் பிழைத்து வந்தது. பிரசங்கத்துக்கே இந்தக் கதி என்றால், சந்தையிலும் மாட்டுக் கொட்டிலிலும் சத்திரத்திலும் புழங்கிய ஒரு வசைச்சொல்லை யார் தோலில் எழுதிப் பாதுகாக்கப் போகிறார்கள்? கொபியெத்தாவின் பூர்வீகம் தொலைந்ததற்கு அதன் குடியிருப்பே காரணம். கீழ்நிலைப் பேச்சில் வாழ்ந்தது. கீழ்நிலைப் பேச்சுக்கு ஆவணம் கிடையாது.

அந்தச் சொல்லின் பொருள் பற்றி நமக்கு இருக்கும் ஆகப்பழைய தெளிவான சாட்சியம் ஒரு புகார். எழுதியவர் மார்ச்சின் பியெல்ஸ்கி. 1551இல் போலிஷ் மொழியில் முதல் உலக வரலாற்று நூலை வெளியிட்டவர், 1575இல் இறந்தார். அவருடைய செய்யுள் அங்கதங்களில் ஒன்று 'பெண்கள் நாடாளுமன்றம்'. எராஸ்மஸ் 1529இல் லத்தீனில் எழுதிய ஓர் உரையாடலிலும் இதே கற்பனை இருக்கிறது: பெண்கள் தமக்கென்று ஒரு அவை கூட்டி நாட்டு நடப்பை விவாதிக்கிறார்கள். பியெல்ஸ்கியின் பெண்கள் ஆண்களின் ஆட்சியைக் குறை சொல்கிறார்கள், தங்களுக்கும் அதில் பங்கு வேண்டும் என்கிறார்கள், இடையில் ஆண்கள் தங்களை அழைக்கும் பெயர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுள் மிகுந்த இழிவு தருவதாக அவர்கள் சுட்டுவதுதான் கொபியெத்தா.

பேசுவது பெண்கள், எழுதியது ஆண், வகை அங்கதம். இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் இந்தச் சாட்சியத்தை எடைபோட வேண்டும். இருந்தாலும் வாசகருக்குப் புரியாத ஒன்றை வைத்து அங்கதம் எழுத முடியாது. அந்தச் சொல் இழிவானது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அந்த வரி வேலை செய்யும். ஆகவே சொல்லின் வேரை அறியாவிட்டாலும், அது பட்ட இடத்தில் எப்படி வலித்தது என்பதை அறிவோம். சொல் வரலாற்றில் இந்த வரிசை அபூர்வம். வழக்கமாக வேர் தெரியும், வலி தெரியாது.

இனி ஊகங்களுக்கு வருவோம். தோல்பட்டைகளைக் கண்டெடுத்த அதே ப்ருக்னர்தான் இங்கும் முதல் ஆள். தார்னோபோலில் 1856இல் பிறந்து, பெர்லின் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஸ்லாவிய மொழிகள் கற்பித்து, 1939இல் அந்த நகரிலேயே இறந்தவர். 1927இல் வந்த அவருடைய சொற்பிறப்பு அகராதி இன்றும் போலிஷ் வீடுகளில் இருக்கும் புத்தகம். கதை சொல்வதுபோல் ஓடும், கோபம் வந்தால் மறைக்காது, ஆதார நூல்களை அடுக்கிக் காட்டாது. அவர் பார்வையில் கொபியெத்தா 'கொப்' என்பதிலிருந்து வந்தது. கொப் என்றால் பன்றித் தொழுவம். தொழுவத்து வேலையில் உழல்கிறவள் என்று பொருள் வருகிறது. சொல் வசையாக இருந்தது என்பது உறுதி, ஆகவே வசைக்கு ஏற்ற வேரைத் தேடினார். முறையில் குற்றம் காண முடியாது. பெண் குதிரையைக் குறிக்கும் 'கொபிவா' என்னும் சொல்லோடு முடிச்சுப் போட்டவர்களும் இதே தர்க்கத்தில்தான் போனார்கள்.

சிக்கல் வாலில் இருக்கிறது. கொப் சரி, 'இயெத்தா' எங்கிருந்து வந்தது? போலிஷில் பெண்பாற் பெயர் ஆக்கும் விகுதிகள் நிறைய உண்டு. இது அவற்றில் சேராது. 'எத்தா' என்று முடியும் சொற்களைத் தேடினால் கவிஞன், வால்மீன், நாணயம் ஆகியவற்றின் பெயர்கள் கிடைக்கும்; மூன்றும் லத்தீன், கிரேக்க வழியில் வந்த விருந்தாளிகள். ஆகவே தொழுவத்துக் கதை சொல்லின் முன்பாதியை மட்டுமே விளக்குகிறது.

வாலையும் சேர்த்து விளக்க முயல்கிறது ஜெர்மானிய ஊகம். பழைய உயர் ஜெர்மனில் 'கபெத்தா' என்று ஒரு சொல்: படுக்கையைப் பகிர்கிறவள், துணைவி. ஒலி கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. நகரம், சந்தை, கைத்தொழில் சார்ந்த போலிஷ் சொற்களில் பெருந்தொகை ஜெர்மனிலிருந்து வந்தது என்பதால் வழியும் இருக்கிறது. ஆனால் பழைய உயர் ஜெர்மன் பதினோராம் நூற்றாண்டோடு முடிந்துபோன மொழிநிலை. நம் சொல் தலைகாட்டுவது பதினாறாம் நூற்றாண்டில். நடுவே ஐந்நூறு ஆண்டு மௌனம். எஸ்தோனியனிலும் பழைய ஃபின்னிஷிலும் பெண்ணைக் குறிக்கும் 'கபே', 'கவே' என்ற சொற்களோடு இணைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இடைவெளியைக் கடக்க வேண்டியிருக்கிறது. படுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது வைப்பாட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லுக்கும் வேர்.

பறவைக் குறி ஊகம் தனி அழகுடையது. பழைய சர்ச் ஸ்லாவிய நூல்களில் 'கொப்' என்னும் இன்னொரு சொல் இருக்கிறது; நிமித்தம், குறி என்று பொருள். அந்த வழியில் பார்த்தால் கொபியெத்தா குறி சொல்கிறவள். தொழுவத்திலிருந்து ஒரே எட்டில் பூசாரினியின் பீடத்துக்குப் போய்விடலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதன்மேல் அவநம்பிக்கையும் வருகிறது. வசைக்கு முன்னால் ஒரு பொற்காலம் இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை சொல்லாராய்ச்சியில் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

மிச்சம் இருப்பது பெயர் ஊகம். எலிசபெத் போலிஷில் 'எல்ஷ்பியெத்தா' ஆகிறாள். பியெத்தா என்று முடியும் வேறு உள்நாட்டுச் சொல்லைக் காண்பது கடினம். தொழுவத்தையோ குதிரையையோ நினைவூட்டும் ஒரு முன்பாதியை எடுத்து, மரியாதைக்குரிய ஒரு பெண்பெயரின் வாலை அதில் ஒட்டி, யாரோ ஒருவர் ஒரு நக்கல் பெயரை உண்டாக்கியிருக்கலாம். இப்படிப்பட்ட கேலிப் பெயர்கள் எந்த ஊர்ச் சந்தையிலும் பிறக்கும்.

இந்த ஊகங்களை ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. ஒரு தொழுவம், ஒரு லாயம், இரண்டு படுக்கை. பெண்ணைக் குறிக்கும் சொல்லின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் இவை. 1364இல் நிறுவப்பட்ட க்ரகோவ் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குள் பெண்கள் நுழைய முடிந்தது 1894இல்தான். இந்த ஊகங்களில் பல உருவான காலத்தில் ஆய்வு நாற்காலிகளில் ஆண்களே இருந்தார்கள். அதை வைத்து அவர்களுடைய புலமையை ஒதுக்கிவிட மாட்டேன். ப்ருக்னர் இல்லாவிட்டால் பழைய போலிஷில் நமக்குத் தெரிந்தது பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் சான்று குறையும் இடத்தில் கற்பனை நிரப்புகிறது, கற்பனைக்கு ஒரு வீட்டுப்பழக்கம் இருக்கிறது. பெண் என்றதும் அவர்கள் மனம் போன அறைகள் இவை.

ஃப்ரான்சிஷெக் ஸ்வாஃப்ஸ்கி 1952 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய சொற்பிறப்பு அகராதி எழுத்து வரிசையில் பாதிக்குள்ளேயே நின்றுபோனது. நல்லவேளையாகக் 'கே' வரைக்கும் வந்திருந்தது. 2005இல் வியெஸ்வாஃப் போரிஷ் வெளியிட்ட அகராதியும் இருக்கிறது. இத்தனை உழைப்புக்குப் பிறகும் இந்தச் சொல்லின் வழக்கு முடியவில்லை.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இந்த ஊகங்களில் எது சரி என்று கேட்பதே பிழையாக இருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரே பிறப்பு இருக்கவேண்டும் என்பது அகராதியின் வசதி. போலிஷிலேயே 'ஸாமெக்' என்ற சொல் கோட்டைக்கும் பூட்டுக்கும் வழங்குகிறது. இரண்டு வேராக இருக்கும் என்று தோன்றும், ஆனால் பூட்டுதல், அடைத்தல் என்ற ஒரே வினையிலிருந்து வந்தவைதான் இரண்டும், ஜெர்மனில் கோட்டைக்கும் பூட்டுக்கும் ஒரே சொல் இருப்பதைப் பின்பற்றி. ஒரு மூலம் இரண்டு பொருளாகப் பிரியலாம் என்றால், இரண்டு மூன்று மூலங்கள் ஒரு சொல்லில் கலக்கவும் கலக்கலாம். மொழியியலாளர்கள் இதைக் கலப்பு என்றே சொல்கிறார்கள்: ஓசையில் நெருங்கிய இரண்டு சொற்கள் பேசுபவர் வாயில் ஒன்றையொன்று தொட்டு, ஒன்றின் தலையும் மற்றதன் வாலுமாக நின்றுவிடும். ஜெர்மன் பேசிய நகரத்தாரிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டிருப்பார். கிராமத்தில் இன்னொருவருக்கு அது கொப் என்று காதில் விழுந்து சிரிப்பு மூட்டியிருக்கும். எல்ஷ்பியெத்தா என்ற பெயர் அதற்கு ஒரு ஓசை அமைதியைக் கொடுத்திருக்கும். மூன்று ஓடை சேர்ந்த ஆற்றுக்கு எது ஊற்று என்று கேட்பதுபோல்தான் இதன் மூலத்தைக் கேட்பதும். இது என் அனுமானம்தான். ஆனால் எந்தத் தனிக்கதையும் சொல்லை முழுதாக மூடாமல், தலையோ வாலோ காலமோ ஒன்று வெளியே தெரிந்துகொண்டே இருப்பது இந்தப் பக்கம்தான் என்னைத் தள்ளுகிறது.

பிறப்பைவிட வியப்பானது வளர்ப்பு. பெண்களைக் குறிக்கும் சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து சரிவது பல மொழிகளில் பார்க்கக்கூடியது. ஜெர்மனின் 'வைப்' ஒருகாலத்தில் வெறும் பெண். இன்று அப்படி அழைத்தால் அவமதிப்பு. அதன் இடத்தைப் பிரபுப் பெண்ணின் பட்டமான 'ஃப்ரௌ' பிடித்துக்கொண்டது. போலிஷின் ஜெஃப்கா இளம்பெண்ணாக இருந்து, வேலைக்காரியாகி, அதிலிருந்து பிறந்த 'ஜிஃப்கா' இன்று விலைமாதைக் குறிக்கும் கெட்டவார்த்தை. கீழே இறங்கும் படிகள் தேய்ந்து வழவழப்பாகக் கிடக்கின்றன. கொபியெத்தா அதே படிகளில் எதிர்த்திசையில் ஏறியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. இக்னாத்ஸி க்ராசித்ஸ்கி 1775இல் எலிகளையும் பூனைகளையும் பாத்திரங்களாக்கி ஒரு கேலிக் காவியம் எழுதினார். அதில் உலகை ஆள்வது யார் என்பது பற்றிய ஒரு வரி இந்தச் சொல்லில் போய் முடிகிறது. அந்த வரி பழமொழியாகி இன்றும் போலிஷ் வாய்களில் புரள்கிறது. அவர் ஒரு பிஷப். ஒரு பிஷப்பின் அச்சேறிய செய்யுளில், எதுகைக்கு உரிய இடத்தில், முகம் சுளிக்காமல் அந்தச் சொல் உட்கார்ந்துவிட்டது. 1823இல் ஆதாம் மித்ஸ்கியெவிச்சின் 'மூதாதையர்' நாடகத்தின் நான்காம் பகுதியில், காதலில் தோற்றவன் பெண்ணினத்தைப் பார்த்துக் கத்தும் புகழ்பெற்ற விளிப்பு இதே சொல்லோடு தொடங்குகிறது. அவன் பேச்சு கசப்பு. ஆனால் கசப்பு அவன் சேர்த்த அடைமொழிகளில்தான் இருக்கிறது. சொல் கழுவப்பட்டுவிட்டது. 1870இல் எலிசா ஒஷெஷ்கோவா பெண்களின் கல்வி, வாழ்நிலை பற்றி எழுதிய கட்டுரைக்குப் 'பெண்களைப் பற்றிச் சில வார்த்தைகள்' என்று தலைப்பு வைத்தபோது எடுத்தது இந்தச் சொல்லைத்தான். 1906இல் ஜோஃபியா நாவ்கோஃப்ஸ்கா தன் முதல் நாவலுக்கு 'கொபியெத்தி', பெண்கள், என்ற ஒற்றைச் சொல்லையே பெயராக வைத்தார். பியெல்ஸ்கியின் கற்பனைப் பெண்கள் எந்தச் சொல்லைப் புகார்ப் பட்டியலில் சேர்த்தார்களோ அதை உண்மைப் பெண்கள் அட்டையில் அச்சிட்டார்கள்.

ஏன் இந்தச் சொல்? கையில் நியெவியாஸ்தா இருந்தது, பியாவோக்வோவா இருந்தது. இரண்டும் இலக்கியத் தகுதி பெற்றவை. அவற்றுக்கு இருந்த குறை, அவற்றின் பொருள் கேட்பவருக்கு விளங்கியது. வெண்தலையாள் என்றதும் துணி தெரிகிறது. துணியை அவிழ்த்துவிட்டுத் தெருவில் நடக்கும் ஒருத்தியை, மணமாகாமல் ஆசிரியை வேலை பார்க்கும் ஒருத்தியை, அந்தச் சொல்லால் எப்படிச் சொல்வது? நியெவியாஸ்தா ஜெபத்தோடும் விவிலியத்தோடும் ஒட்டி, வேலைநாள் பேச்சிலிருந்து விலகிப்போயிருந்தது. இன்றும் மரியன்னையை வாழ்த்தும் ஜெபத்தில் அதைச் சொல்லாத போலிஷ் கத்தோலிக்கர் இல்லை, சந்தையில் அதைச் சொல்பவரும் இல்லை. கொபியெத்தாவின் வேர் மட்டும்தான் யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்தது. வசையாக இருந்த நினைவும் மங்கியபின், அதற்குள் கணவன் இல்லை, கல்யாணம் இல்லை, துணி இல்லை, குலம் இல்லை. உள்ளே ஒன்றும் எழுதப்படாத சொல்லாக அது கிடைத்தது. அந்த வெறுமையைத்தான் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். தொழுவமோ பறவைக் குறியோ ஊரறிய அதில் ஒட்டிக்கொண்டிருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதன் இணையான ஆண் சொல்லையும் பார்த்தாக வேண்டும். இன்று ஆண் என்றால் 'மென்ஷ்சிஸ்னா'. இதுவும் பழைய நேர்ச்சொல் இல்லை. ஆண்கள் கூட்டம், ஆண்தன்மை என்ற தொகுதிப் பொருளில் தொடங்கி, பிறகு ஓர் ஆளைக் குறிக்க வந்தது. அதே விகுதிதான் தாய்நாட்டைக் குறிக்கும் 'ஒய்ச்சிஸ்னா' என்பதிலும் இருக்கிறது. அதுவும் முதலில் தந்தைவழிச் சொத்தைத்தான் குறித்தது. விகுதியால் மென்ஷ்சிஸ்னா ஒருமையில் பெண்பாற் பெயர்களைப் போல வேற்றுமை ஏற்கிறது. பெண்ணுக்கு வேர் தெரியாத சொல், ஆணுக்குப் பெண்பால் உருபேற்கும் சொல். போலிஷ் மொழி இவ்விருவருக்கும் நேரான பெயரை நெடுங்காலம் தேடித்தான் கண்டடைந்திருக்கிறது.

ஆனால் பன்மைக்கு வந்ததும் சமத்துவம் முடிந்துவிடுகிறது. போலிஷ் இலக்கணத்தில் பன்மை இரண்டு வகை. ஆண் மனிதர்களுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. அவர்கள் என்று ஆண்களைச் சொல்ல 'ஒனி'. பெண்களைச் சொல்ல 'ஒனெ'. நாய்களுக்கும் மேசைகளுக்கும் மரங்களுக்கும் அதே ஒனெதான். நூறு பெண்கள் வந்தார்கள் என்ற வாக்கியத்தில் ஒரே ஓர் ஆணைச் சேர்த்துவிட்டால் வினைமுற்று முதல் எல்லாம் ஆண் வடிவத்துக்கு மாறியாக வேண்டும். இந்தப் பிரிவினை வழக்காக உறுதிப்பட்டது போலிஷின் பிற்கால வளர்ச்சியில்தான்; ஸ்லாவியத் தொன்மையிலிருந்து அப்படியே வந்தது அன்று. கொபியெத்தா தன் இழிவைக் கழற்றி எறிந்த அதே நூற்றாண்டுகளில் இலக்கணம் இந்த வேலியை உயர்த்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு மன வருத்தம் தரும் செய்தி. சொல்லை மக்கள் மாற்றலாம். இலக்கணம் அவ்வளவு எளிதில் கைக்கு அகப்படுவதில்லை.

1918 நவம்பர் 28 அன்று போலந்தின் அன்றைய நாட்டுத் தலைவர் யூசெஃப் பிவ்சுட்ஸ்கி ஒப்பமிட்ட தேர்தல் ஆணை, 21 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் பால் வேறுபாடின்றி வாக்குரிமை தந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் வென்று விடுதலை பெற்ற போலந்தின் முதல் நாடாளுமன்றத்துக்குள் போன பெண்கள் எட்டுப் பேர். பியெல்ஸ்கியின் பெண்களுக்கு அது மிகச் சிறிய எண்ணாகவே பட்டிருக்கும். கம்யூனிச ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் 'கொபியெத்தி டிராக்டர் ஏறட்டும்' என்பது சுவரொட்டி முழக்கம். மார்ச் 8 பெண்கள் தினத்தன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆளுக்கொரு சிவப்புக் கார்னேஷன் பூ, சில இடங்களில் ஒரு ஜோடி காலுறை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போடவேண்டும் என்று அந்தத் தலைமுறைப் பெண்கள் நினைவுகூர்வார்கள். தமிழ்ச் சிறுபத்திரிகைகள் வழியே நாம் அறிந்த போலிஷ் கவிஞர் சிம்போர்ஸ்காவின் 1976ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு பெண்ணின் உருவச்சித்திரமாக அமைந்த கவிதை உண்டு. அதன் தலைப்பில் இருப்பதும் இதே சொல்லின் பெயரடை. 2016 அக்டோபர் 3 அன்று கருக்கலைப்புத் தடைச் சட்ட முன்வரைவை எதிர்த்துக் கறுப்புடை அணிந்த பெண்கள் நாடெங்கும் மழையில் குடைகளோடு திரண்டார்கள். அதிலிருந்து எழுந்த இயக்கத்தின் பெயர் 'ஸ்ட்ரைக் கொபியெத்'. பெண்கள் வேலைநிறுத்தம். 2020 அக்டோபரில் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் கருக்கலைப்பை மேலும் இறுக்கியபோது அந்த இரண்டு சொற்களையும் பதாகையில் ஏந்தி மீண்டும் நகரம் நகரமாக வெளியே வந்தார்கள்.

கிராமங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது. அங்கே அது கொஞ்சம் சுருங்கிக் 'கொபித்தா' என்று ஒலிக்கும். வயலில் வேலை செய்யும் ஒருவர் 'என் கொபித்தா' என்றால் அவர் சொல்வது மனைவியை. பெண் என்ற பொருளோடு கிளம்பிய ஜோனா மனைவியாக ஒடுங்கிய அதே பாதை.